ருக்மணி தேவி கடந்த கடல்

1947 ஜனவரி 21 அன்று கொழும்பில் திரைக்கு வந்த ‘கடவுணு பொரொந்துவ’ சிங்கள மொழியின் முதல் பேசும்படம். ‘முறிந்துபோன வாக்கு’ என்று அதற்குப் பொருள் சொல்லலாம். கதை சிங்களம், பேச்சு சிங்களம், பாட்டு சிங்களம். ஆனால் படம் பிடிக்கப்பட்டது மதுரையின் சித்ரகலா மூவிடோன் ஸ்டூடியோவில். தயாரித்தவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர். இயக்கியவர் ஜோதிஷ் சின்ஹா என்ற வங்காளி. கதாநாயகியாக நடித்துப் பாடிய ருக்மணி தேவியின் இயற்பெயர் டெய்சி ராசம்மா டேனியல்ஸ். (கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி வேறு, பெயர் ஒற்றுமையால் குழம்ப வேண்டாம்.) அன்று தொடங்கி, 1978 அக்டோபர் 28 அன்று ஜா-எல அருகே சாலை விபத்தில் உயிர் பிரியும்வரை, சிங்கள மக்களின் முதல் திரை நட்சத்திரமாக அவர் வாழ்ந்தார். அக்கரையில் அவர் பெயரை அறியாதவர் குறைவு. இக்கரையில் அறிந்தவர் குறைவு. ஒரு நடிகையின் பெயர் மறந்துபோவது பெரிய குற்றமா என்று கேட்கலாம். அவரோடு சேர்த்து ஒரு முழுப் பாதையையே நாம் மறந்திருக்கிறோம். பாம்பன், தனுஷ்கோடி, தலைமன்னார் வழியாக மனிதர்களும் பாட்டும் நாடகமும் போய்வந்த அந்தப் பாதையை இராமநாதபுரம் மாவட்டம் தன் வரலாற்றின் நடுப்பகுதியாகப் பதிவு செய்ய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்கு ருக்மணி தேவியின் வாழ்க்கையைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அவர் 1923-ல் இலங்கையின் மலைநாட்டில், நுவரெலியாவை அடுத்த ரம்பொடையில் பிறந்தார். குடும்பம் கொழும்புச் செட்டிச் சமூகத்தைச் சேர்ந்தது, மதம் கிறித்தவம். தென்னிந்தியாவிலிருந்து வணிகத்துக்காகப் போய், போர்த்துக்கீசியர், டச்சுக்காரர் காலங்களில் கொழும்பில் வேரூன்றிய சமூகம் அது. குடும்பம் கொழும்புக்கு வந்த பிறகு, பள்ளி வயதிலேயே ராசம்மா மேடையேறினார். சிங்கள நாடகமொன்றில் அவர் ஏற்ற வேடம் சீதை. இராமேசுவரத்து வாசகருக்கு இந்தச் செய்தி கூடுதலாக எதையோ சொல்லும்: சேதுவுக்கு அப்பால், தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஒரு சிறுமி, சிங்கள மொழியில் சீதையாகப் பேசினாள். அடுத்து இசைத்தட்டு. எச்.டபிள்யூ. ரூபசிங்கவுடன் சேர்ந்து அவர் பாடிப் பதிவான முதல் பாட்டு புத்தகயா விகாரையைப் போற்றும் பௌத்த பக்திப்பாட்டு. பாடியது ஒரு கிறித்தவப் பெண் என்பதற்காக அதைக் கேட்டவர்கள் தயங்கியதாகத் தெரியவில்லை. இன்றும் பௌத்த வீடுகளில் அந்தப் பாட்டு பிரியத்தோடு கேட்கப்படுகிறது. பிறகு நீர்கொழும்பைச் சேர்ந்த ஜயமான்ன சகோதரர்களின் மினர்வா நாடகக் குழுவில் சேர்ந்தார். மூத்தவர் பி.ஏ.டபிள்யூ. ஜயமான்ன நாடகங்களை எழுதினார். இளையவர் எடி ஜயமான்ன நகைச்சுவை நடிகர். எடியை ருக்மணி மணந்துகொண்டார். மினர்வாவின் மேடை வெற்றிகளில் ஒன்றுதான் ‘கடவுணு பொரொந்துவ’. அந்த நாடகத்தையே, பெரும்பாலும் அதே நடிகர்களோடு, நாயகம் படமாக்கினார். தொடர்ந்து ‘கபட்டி ஆரக்ஷகயா’, ‘பெரலெண இரணம’ என்று ஜயமான்ன குடும்பத்தின் படங்கள் வரிசையாக வந்தன. நடிகையாக அவர் எவ்வளவு பெரியவர் என்பதில் விமர்சகர்களுக்குள் வேறுபாடு இருக்கலாம். பாடகியாக அவருக்குக் கிடைத்த இடம் விவாதத்துக்கு அப்பாற்பட்டது. இலங்கையின் குயில் என்று சிங்கள ரசிகர்கள் அவரைச் சொன்னபோது, அந்தக் குயில் எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று யாரும் விசாரிக்கவில்லை.

1940-களில் கொழும்பிலிருந்து மதுரைக்கு ஒரு நாடகக் குழு வர வேண்டுமென்றால், வழக்கமான வழி ஒன்றே. கொழும்பில் இரவு ரயிலேறித் தலைமன்னார்த் துறை வரைக்கும் வர வேண்டும். அங்கிருந்து நீராவிக் கப்பல். சுமார் 35 கிலோமீட்டர் கடல், சில மணி நேரப் பயணம். இறங்கும் இடம் தனுஷ்கோடி. சுங்கச் சோதனை முடிந்ததும் துறையிலேயே நிற்கும் ரயிலில் ஏறினால், பாம்பன் பாலம் தாண்டி, மண்டபம், இராமநாதபுரம் என்று தரைநாடு தொடங்கிவிடும். 1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு ஒழுங்காக அமைந்த இந்த வழியைத்தான் நம் முன்னோர் ‘போட் மெயில்’ என்றார்கள். சென்னை எழும்பூரில் கொழும்புக்கு டிக்கெட் வாங்கலாம் என்ற காலம் அது. சிங்களத் திரையின் முதல் பத்தாண்டு முழுக்க இந்தத் தண்டவாளத்தின் மீதும் இந்தக் கப்பலின் மீதும்தான் நடந்தது. இலங்கையில் படப்பிடிப்புக்கான ஸ்டூடியோ வசதி இல்லாத ஆண்டுகளில் மதுரையும் கோயம்புத்தூரும் சென்னையும் சிங்களப் படங்களின் பிறப்பிடங்கள். 1947-லேயே வெளிவந்த ‘அசோகமாலா’ கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் உருவானது. நடிகர்கள் வந்தார்கள், படச்சுருள்கள் போயின, இசைக்காரர்கள் இருபுறமும் போய்வந்தார்கள். எல்லாம் நம் மாவட்டத்தின் மண் வழியாக.

அதே பாதையில் வேறொரு கூட்டமும் போனது என்பதைச் சொல்லாமல் விட்டால் வரலாறு பொய்யாகிவிடும். ரயிலும் கப்பலும் வருமுன் பல பத்தாண்டுகளாகத் தோட்டத் தொழிலாளர்கள் இந்தக் கரையின் துறைகளிலிருந்து தோணியேறி, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். பிற்காலத்தில் மண்டபம் முகாமில் அவர்களைச் சில நாள் தடுத்துவைத்து, மருந்து தெளித்து, அம்மை குத்தி, பிறகே கப்பலேற்றினார்கள். ருக்மணி தேவி பிறந்த ரம்பொடையைச் சுற்றிய தேயிலை மலைகளில் கொழுந்து பறித்தவர்கள் அந்தப் பாதையில் போனவர்களும் அவர்களின் பிள்ளைகளுமே. கொழும்புச் செட்டிக் குடும்பத்துப் பெண்ணுக்கும் லயத்தில் பிறந்த பெண்ணுக்கும் வாழ்க்கை ஒன்றாக அமையவில்லை; வர்க்கமும் கல்வியும் குடியேறிய காலமும் அவர்களைப் பிரித்தன. ஆனால் இருவரின் முன்னோரும் போனது தெற்கேயிருந்துதான். ஒருத்தி மதுரைக்கு வந்து நட்சத்திரமாகத் திரும்பினாள். மற்றவளுக்குத் திரும்பும் பயணம் பிறகு வந்தது. அவள் விரும்பிக் கேட்ட பயணமாக அது இருக்கவில்லை.

ருக்மணி தேவி தனி உதாரணமும் கிடையாது. அவரோடு இணைந்து பல டூயட் பாடல்கள் பாடிய மொகிதீன் பேக் சேலத்தில் பிறந்த முஸ்லிம். இளம் வயதில் இலங்கைக்குப் போய், சிங்களத் திரைப்பாட்டிலும் பௌத்த பக்திப்பாட்டிலும் நிலைத்த பெயர் பெற்று, 1991-ல் அங்கேயே மறைந்தார். வெசாக் நாளில் அவர் குரல் ஒலிக்காத ஊர் சிங்கள நாட்டில் இல்லை என்று சொல்லும் அளவுக்கு அவர் அந்த மக்களுடையவர். ‘அசோகமாலா’வுக்கு இசையமைத்தவர் முகமது கௌஸ். நாகர்கோவிலிலிருந்து போன ஆர். முத்துசாமி சிங்களப் படங்களின் மிக முக்கியமான இசையமைப்பாளர்களில் ஒருவரானார். தயாரிப்புத் துறையில் நாயகத்துக்குப் பிறகு கே. குணரத்தினம் எழுந்தார், ஹெந்தளையில் அவர் நடத்திய விஜயா ஸ்டூடியோ சிங்களத் திரைத்தொழிலின் பெரிய நிறுவனங்களில் ஒன்று. எதிர்த்திசையிலும் ஒருவர் வந்தார். ரம்பொடைக்கு வெகுதூரமில்லாத நாவலப்பிட்டியில், ருக்மணி தேவிக்கு 6 ஆண்டு முன்னதாக, 1917-ல், மலையாளப் பெற்றோருக்குப் பிறந்த ஒரு குழந்தை தமிழ்நாட்டுக்கு வந்து எம்.ஜி.ஆர் ஆனது. ஒரே மலைத்தொடரில் பிறந்த இருவரில் ஒருவரைத் தமிழும் மற்றவரைச் சிங்களமும் தலைமேல் வைத்துக் கொண்டாடின. எம்.ஜி.ஆரின் பூர்வீகம் பற்றி நம் அரசியல் மேடைகளில் எத்தனை ஆண்டு பேசினார்கள் என்பது ஊருக்கே தெரியும். பேச்சு பேச்சாகவே நின்றது. 1977-ல் மக்கள் தீர்ப்பு வேறாக இருந்தது.

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு எழும். கொழும்புச் செட்டிகள் இன்று தங்களைத் தனி இனமாகவே கணக்கிட வேண்டும் என்கிறார்கள். இலங்கை அரசும் அப்படியே பதிகிறது. ருக்மணி தேவி சிங்களத்தில் நடித்தார், சிங்களத்தில் பாடினார், சிங்களரை மணந்தார், நீர்கொழும்பின் மருமகளாக வாழ்ந்தார். அவரைத் தமிழச்சி என்று இப்போது நாம் உரிமை கொண்டாடுவது செத்தவரின் அடையாளத்தைத் திருடுவது ஆகாதா? ஆகும், உரிமை கொண்டாடினால். சமூக ஊடகங்களில் இந்த நோய் பரவியிருக்கிறது. உலகில் எவரேனும் புகழ்பெற்றால் உடனே அவரது பாட்டனாரின் ஊரைத் தேடி, ‘இவர் நம்மவர்’ என்று கொடி நாட்டுவது. அதை நான் முற்றாக மறுக்கிறேன். ஒரு கலைஞர் எந்த மொழியில் அழுதாரோ சிரித்தாரோ, அந்த மொழிக்காரருக்கே அவர் சொந்தம். ருக்மணி தேவி சிங்களக் கலைஞர். அதில் ஒரு குண்டுமணி அளவும் நமக்குப் பங்கு வேண்டாம். நாம் கேட்பது வேறு. வம்சாவளி என்பது சொத்துப் பத்திரமாக இருக்க முடியாது. ஆனால் அது பயணத்தின் பதிவு. இன்னார் எங்கிருந்து வந்தார், எந்த வழியாக வந்தார், வந்த இடத்தில் எப்படி வரவேற்கப்பட்டார் என்ற கேள்விகளுக்கு அதில் விடை இருக்கிறது. வீட்டுக்காரர் யார் என்பதில் சண்டை போடாமலே வாசலுக்கு வந்த பாதையை ஆராயலாம். இந்தக் கரையில் இது புதிய பழக்கமும் அல்ல. இராமேசுவரம் கோயிலில் பூசை செய்யும் அர்ச்சகர்கள் மராட்டிய வழி வந்தவர்கள். அவர்கள் இராமேசுவரத்துக்காரர்கள் இல்லை என்று இங்கே எவரும் சொன்னதில்லை. மராட்டிய நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதை எவரும் மறைத்ததும் இல்லை. கீழக்கரை மரைக்காயர் குடும்பங்களில் சிலோனோடு வணிக உறவும் மண உறவும் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் காண வேண்டும். வந்த வழியை நினைப்பதும் வந்த இடத்தில் ஒன்றாவதும் ஒன்றையொன்று கெடுப்பதில்லை என்பதற்கு இந்த மாவட்டமே சாட்சி.

இரண்டாவது எதிர்ப்பு சிங்கள விமர்சகர்களிடமிருந்து வருவது. இதில் கனம் அதிகம். தென்னிந்திய ஸ்டூடியோக்களில் பிறந்ததுதான் சிங்கள சினிமாவுக்கு நேர்ந்த கெடுதல் என்பது அவர்கள் கட்சி. அட்டைச் சுவர் வீடுகள், தமிழ்ப்பட, இந்திப்பட மெட்டுகளுக்குச் சிங்களச் சொற்கள், சிங்கள கிராமத்தின் வாசனையே இல்லாத கதைகள். 1956-ல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் ‘ரேகாவ’ படத்தின் கேமராவை ஸ்டூடியோவுக்கு வெளியே, வயலுக்கும் வெயிலுக்கும் கொண்டுபோன பிறகே சிங்கள சினிமாவுக்குச் சொந்த முகம் கிடைத்தது என்பார்கள். இந்த விமர்சனம் பெருமளவு உண்மை. மதுரையிலும் கோவையிலும் எடுத்த அந்தப் படங்களைப் பொற்காலம் என்று புகழ எனக்கு விருப்பம் இல்லை. நம் ஸ்டூடியோக்கள் அன்று தமிழுக்கே அட்டைச் சுவர்களைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தன. பக்கத்து மொழிக்கு மட்டும் செங்கல் கொடுத்திருக்க முடியாது. ஆனால் அதே 1956-ல் கொழும்பில் இன்னொன்று நடந்தது. எதிரிவீர சரச்சந்திர ‘மனமே’ நாடகத்தை மேடையேற்றினார். சிங்கள நாடகத்துக்கு இரவல் அல்லாத சொந்த வடிவம் வேண்டும் என்று தேடிய அவர் கண்டடைந்தது ‘நாடகம’ என்ற பழைய கூத்து வடிவத்தை. அந்த வடிவமோ, தமிழ் நாட்டுக்கூத்திலிருந்து கத்தோலிக்கக் கரையோர ஊர்கள் வழியாகச் சிங்களத்துக்குள் போனது; அதன் இசையின் அடித்தளம் தென்னிந்தியம். இரவலை உதறிவிட்டுத் தன் வேரைத் தோண்டியவருக்கு வேரிலேயே பாக் நீரிணையின் உப்பு கிடைத்தது. எனவே, தெற்கேயிருந்து வந்தது எல்லாம் அந்நியம், அதைக் கழித்துவிட்டால் எஞ்சுவது தூய்மை என்ற கணக்கு சரிவராது. மட்டமான ஸ்டூடியோப் படமும் இந்தப் பாதையில் போனது. மகத்தான கூத்தும் இதே பாதையில் போனது. எது நிலைத்தது என்பதைக் காலமும் கலைஞர்களின் திறமையும் தீர்மானித்தன. நீர்கொழும்பு, சிலாபம் கரையில் சில தலைமுறைக்கு முன்வரை வீட்டில் தமிழ் பேசிய கத்தோலிக்க மீனவர்கள் பள்ளியிலும் தேவாலயத்திலும் சிங்களத்துக்கு மாறினார்கள் என்பதை ஆய்வாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். ருக்மணி தேவி வாழப்போன கரை அப்படிப்பட்டது. இரு மொழியும் புழங்கிய அந்த மண்ணில் ஒரு ராசம்மா ருக்மணி ஆவதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

மூன்றாவது எதிர்ப்பே எல்லாவற்றிலும் கடுமையானது. கலை இணைத்தது, பாட்டு இணைத்தது என்று பேசுவதெல்லாம் அழகான பொய். 1983-ல் என்ன நடந்தது என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ருக்மணி தேவி திரையில் தோன்றிய மறு ஆண்டே, 1948-ல், இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. அவர் பிறந்த மலையில் தேயிலை பறித்தவர்கள் பெயர்கள் வாக்காளர் பட்டியலிலிருந்து நீங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அவர் பெயர் கொட்டகை வாசல்களில் பெரிய எழுத்தில் மின்னியது. ‘ரேகாவ’வும் ‘மனமே’யும் வந்த அதே 1956, தனிச் சிங்களச் சட்டத்தின் ஆண்டும்கூட. 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்று மனிதர்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். தாயகம் திரும்பியோர் என்ற பெயரில் அவர்கள் கப்பலில் வந்து இறங்கியதும் இதே இராமேசுவரத்தில். தங்கியதும் பாட்டன் கடந்துபோன அதே மண்டபம் முகாமில். ருக்மணி தேவி இறந்து 5 ஆண்டு கழித்து வந்தது கறுப்பு ஜூலை. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. சிங்களப் படங்களின் நெகட்டிவ்களும் அந்தத் தீயில் போயின. சிங்களப் படங்களை இயக்கிய கே. வெங்கட் என்ற தமிழரைக் கும்பல் கொன்றது. குணரத்தினமும் 1989-ல் கொழும்பில் சுட்டுக்கொல்லப்பட்டார். சிங்கள ரசிகருக்காக உழைத்த கைகளைச் சிங்கள வெறி விட்டுவைக்கவில்லை. ஆகவே கலை உயிரைக் காப்பாற்றும் என்று நான் சொல்லமாட்டேன், காப்பாற்றவில்லை. ஆனால் அந்தக் கும்பல் நம்பிய கதை என்ன என்று பார்க்க வேண்டும். இந்த நாட்டில் எல்லாம் நாங்கள் கட்டியது, இவர்கள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவர்கள் என்பதே அந்தக் கதை. தன் மொழியின் முதல் படத்தை எங்கே, யார் எடுத்தார்கள் என்ற எளிய உண்மை பள்ளிப் பாடத்திலேயே இருந்திருந்தால், அந்தக் கதையை விற்பது சற்றேனும் கடினமாக இருந்திருக்கும். எரித்தவர்கள் எரித்தது தங்கள் சொந்தச் சினிமாவின் பிறப்புச் சான்றிதழை.

இன்று இந்தக் கரையில் இலங்கை என்ற சொல் வேறு கவலைகளைத்தான் எழுப்புகிறது. பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம், மண்டபம் மீனவர்கள் கைதாகிறார்கள், விசைப்படகுகள் பறிமுதலாகின்றன, கச்சத்தீவு ஒவ்வொரு தேர்தலிலும் பேச்சாகிறது. படகை இழந்தவரிடம் போய்ப் பழைய நடிகையைப் பற்றிப் பேசுவது அநாகரிகம் என்று ஒருவர் கோபப்பட்டால் அந்தக் கோபத்தை மதிக்கிறேன். பண்பாட்டு நினைவு ஒரு படகையும் விடுவிக்காது. இழுவைமடியைக் குறைப்பதும், மாற்றுத் தொழிலுக்கு உண்மையான பணம் ஒதுக்குவதும், இரு அரசுகளும் உட்கார்ந்து பேசுவதுமே அதற்கு வழி. அதேசமயம், இந்தச் சிக்கலில் எதிரே நிற்பவர்களும் தமிழ் பேசும் மீனவர்கள் என்பதை நம் செய்திகள் பலநேரம் மறந்துவிடுகின்றன. இழுவைமடி தங்கள் வலைகளையும் கடலடியையும் நாசமாக்குகிறது என்று சொல்லும் மன்னார், யாழ்ப்பாண மீனவர்களின் குரல் இக்கரையில் போதிய அளவு கேட்பதில்லை. அக்கரையைக் கடற்படையின் கரையாக மட்டுமே அறிந்த ஒரு தலைமுறை இங்கே வளர்ந்துவிட்டது. அதற்கு அப்பால் மனிதர்களும் அவர்களுக்கென்று பாட்டும் படமும் இருப்பதை அறியாதவர்கள் பேச்சுவார்த்தை மேசையிலும் அரைகுறையாகவே அமர்வார்கள்.

மறதி எப்படி வந்தது என்பதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் ஆகுமுன், 1964 டிசம்பர் 22 இரவு, புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் 100-க்கும் மேற்பட்ட உயிர்களோடு கடலுக்குள் போனது. துறையும் நிலையமும் தபால் நிலையமும் தேவாலயமும் இடிபாடாயின. கப்பல் பிறகு இராமேசுவரத்திலிருந்து ஓடியது. போர்ச்சூழலில், 1980-களின் தொடக்கத்தில் அதுவும் நின்றது. ஆனாலும் தொடர்பு உடனே அறுந்துவிடவில்லை. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைக் கேட்டே இந்தக் கரையின் இரண்டு தலைமுறை திரைப்பாட்டை அறிந்தது. 1982-ல் ரூபவாஹினி தொடங்கியதும், வீட்டுக்கூரைக்கு மேல் மூங்கில் உயரத்துக்கு ஆன்டெனா நட்டு, சென்னைத் தொலைக்காட்சி எட்டாத ஊர்களிலெல்லாம் கொழும்புப் படத்தைப் பார்த்தார்கள். சிங்களம் புரியாதவர்களும் சிங்கள நடிகர்களின் முகங்களை அறிந்திருந்தார்கள். அது இன்று ஐம்பதைத் தாண்டியவர்களின் நினைவில் மட்டும் இருக்கிறது. இப்போது தனுஷ்கோடிக்கு நாள்தோறும் வண்டிவண்டியாக வரும் சுற்றுலாப் பயணிகள் இடிந்த தேவாலயத்தின் முன் நின்று படமெடுக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லப்படுவது இரண்டு கதைகள்: இராமர் பாலம், புயல். ஒன்று புராணம், மற்றது பேரழிவு. இடையில் 50 ஆண்டு அங்கே ஒரு சர்வதேசத் துறைமுகம் வேலை செய்தது. வணிகரும் கூலியும் நாடகக்காரரும் அங்கே வரிசையில் நின்றார்கள் என்ற மூன்றாவது கதையைச் சொல்ல ஒரு பலகைகூட வைக்க நமக்குத் தோன்றவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டுவிட்டது. 1914-ன் பழைய பாலத்துக்கு ரயில் சுமக்கும் வேலை முடிந்தது. மண்டபத்திலோ இராமேசுவரத்திலோ போட் மெயில் காலத்துக்கு ஒரு நிலையான காட்சியகம் அமைக்க இதைவிடப் பொருத்தமான வேளை வராது. அதில் கால அட்டவணையும் டிக்கெட்டும் கப்பல் படங்களும் மட்டும் இருந்தால் போதாது. மண்டபம் முகாமின் பதிவேடுகளும், தோட்டத் தொழிலாளர்களின் கதையும், ருக்மணி தேவி, மொகிதீன் பேக், முத்துசாமி ஆகியோரின் குரல்களும் இருக்க வேண்டும். வருபவர் ஒரு பித்தானை அழுத்தினால் அந்தச் சிங்களப் பாட்டைக் கேட்க வழி வேண்டும். புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் தமிழக அரசும் சேர்ந்து, மதுரை, கோவை, சென்னை ஸ்டூடியோக்களில் 1940-களிலும் 1950-களிலும் எடுக்கப்பட்ட சிங்களப் படங்களின் சுருள்கள், புகைப்படங்கள், ஒப்பந்தங்கள் எவையேனும் எங்கேனும் எஞ்சியிருக்கின்றனவா என்று முறையாகத் தேட வேண்டும். 1983 தீயில் கொழும்பு இழந்தவற்றில் ஒன்றிரண்டாவது இங்கே ஏதோ ஒரு கிடங்கில் இருக்க வாய்ப்புண்டு. கிடைத்தால் அவற்றை அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கலாம். மதுரைப் பல்கலைக்கழகங்களில் தமிழ்த் திரை வரலாறு படிக்கும் மாணவர் சித்ரகலா மூவிடோனைப் பற்றி ஆய்வேடு எழுத முன்வந்தால், சிங்களம் அறிந்த ஒரு துணை ஆய்வாளரை யாழ்ப்பாணத்திலிருந்தோ பேராதனையிலிருந்தோ இணைத்துத் தரலாம். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் பயணிகள் கப்பல் மறுபடி தொடங்கியபோது, இராமேசுவரம் - தலைமன்னார் கப்பலும் வரும் என்று பேச்சு எழுந்தது. அது வரும்போது வரட்டும். படங்கள் வருவதற்குக் கப்பல் தேவையில்லை. ‘கடவுணு பொரொந்துவ’வுக்கு 2027 ஜனவரி 21-ல் 80 ஆண்டு நிறைகிறது. ருக்மணி தேவி நடித்த படங்களில் இன்று கிடைப்பவற்றைத் தமிழ் வசன வரிகளோடு மதுரையிலும் இராமேசுவரத்திலும் ஒரு வாரம் திரையிட, மாவட்ட நிர்வாகமும் திரைப்படச் சங்கங்களும் இப்போதே கொழும்புக்குக் கடிதம் எழுதத் தொடங்க வேண்டும்.